அஞ்சு வருஷமா, இருபது வருஷமா: தீர்ப்புக்கு காத்திருக்கற ஒரு தாய்மாமனுக்கு

வந்த கடிதம், சுருக்கமா:

"மேடம் வணக்கம். திருவாரூர் மாவட்டத்துல ஒரு கிராமம். 2023ல என் அக்கா பொண்ணுக்கு பத்து வயசு முடிஞ்சு பதினொண்ணு நடந்துட்டு இருந்தப்ப டியூஷன் சொல்லிக்குடுத்த ஆளு அவகிட்ட தப்பா நடந்துகிட்டான், ஒரு தடவ இல்ல, பல தடவ. மச்சான் சிங்கப்பூர்ல வேலையில இருக்காரு, கேஸுக்கு நான்தான் அலையறேன். சாட்சி முடிஞ்சு ஆர்க்யூமெண்ட்டும் முடிஞ்சு தீர்ப்புக்கு தேதி போட்டுருக்காங்க. பக்கத்து ஊர் கேஸ் ஒண்ணுல 5 வருஷம் குடுத்தாங்க, இன்னொண்ணுல 10, பேப்பர்ல பாத்தா ஒருத்தனுக்கு சாகுற வரைக்கும் ஜெயில். எல்லாமே போக்சோ தானே, ஏன் இப்படி ஆளுக்கு ஆள் மாறுது? அவன் பொண்டாட்டி ரெண்டு பொண்ணுங்களயும் கூட்டிட்டு கோர்ட்டுக்கு வந்து அழுவுறா, அம்மா படுக்கையில கெடக்குன்னு சொல்றா. இதெல்லாம் சொன்னா ஜட்ஜ் கொறச்சிருவாங்களா? ஊர்ல ரெண்டு பெரிய ஆளுங்க அஞ்சு லட்சம் வாங்கிட்டு முடிச்சுக்கங்கன்றாங்க. எனக்கு அவனுக்கு தூக்கு வேணும். கேக்கலாமா?"

தம்பி, மொதல்ல ஒண்ணு. நீங்க எழுதுன கடிதத்துல பாப்பா பேரு, ஊரு, ஸ்கூல் பேரு எல்லாம் இருந்துச்சு, நான் எடுத்துட்டேன். கோவத்துல எழுதுறப்ப வர்றதுதான், புரியுது. ஆனா உறவுக்காரங்க வாட்ஸப் க்ரூப்ல கூட அந்த பேர போடாதீங்க, தீர்ப்பு வந்த அன்னிக்கு சந்தோஷத்துல ஸ்டேட்டஸ் வைக்கறேன்னு யாராவது கெளம்புனா நிறுத்துங்க. பிள்ளையோட அடையாளம் வெளிய வரக்கூடாதுன்னு போக்சோவே, அதாவது பிள்ளைங்கள பாலியல் குற்றத்துலேருந்து காப்பாத்தற சட்டமே சொல்லுது, நாளைக்கு அவ காலேஜ் போறப்ப இது அவ பின்னாடி வரக்கூடாது.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். "எல்லாம் ஜட்ஜ் கையில இருக்கு"ன்னு யாரோ சொன்னாங்கன்னு எழுதிருக்கீங்க. அது பாதிகூட உண்மை இல்ல. நம்ம ஊர்லயே பாருங்க, வாய்க்கால்ல எவ்ளோ தண்ணி வரும்ங்கறது மதகுலயே முடிவாயிடுது, கடைமடையில மம்பட்டி வச்சுட்டு நிக்கற மனுசன் வந்த தண்ணிய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பலாமே தவிர இல்லாத தண்ணிய அவரு கொண்டு வர முடியாது. தண்டனையும் அப்படித்தான். எந்த பிரிவுல சார்ஜ் போட்டாங்க, அதுல எது நிரூபணம் ஆச்சு, சம்பவத்தன்னிக்கு பிள்ளைக்கு என்ன வயசு, பண்ணவன் பிள்ளைக்கு யாரு, சம்பவம் எந்த தேதியில நடந்துச்சு, இதுலயே முக்கால்வாசி முடிஞ்சுடும். ஜட்ஜ் கையில மிச்சம் இருக்கறது கொஞ்ச இடம்தான், அந்த கொஞ்ச இடத்துலதான் அழுகை, அம்மா படுக்கையில, மொத தப்பு எல்லாம் வருது.

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14ல அமலுக்கு வந்துச்சு. அதுல குற்றத்த ரெண்டு பெரிய வகையா பிரிச்சிருக்காங்க, ஊடுருவல் இருந்துச்சா, இல்ல அது இல்லாம பாலியல் நோக்கத்தோட தொட்டது மாதிரியான தாக்குதலா. கேக்கவே கஷ்டமா இருக்கும், ஆனா சட்டம் இந்த கோட்டுலதான் நிக்குது. தொடுறது மட்டும்னா பிரிவு 8, 3 வருஷத்துலேருந்து 5 வருஷம். அதையே மோசமாக்கற விஷயம் ஏதாவது கூட இருந்துச்சுன்னா, அதாவது பிள்ளைக்கு 12 வயசுக்கு கீழ, இல்ல சொந்தக்காரன், வாத்தியார், போலீஸ், நம்பிக்கையான இடத்துல இருக்கற ஆளு, இல்ல திரும்பத் திரும்ப பண்ணது, அப்ப பிரிவு 10க்கு போகும், 5லேருந்து 7 வருஷம். ஊடுருவல் இருந்தா பிரிவு 4, கொறஞ்சது 10 வருஷம், பிள்ளைக்கு 16 வயசுக்கு கீழன்னா கொறஞ்சது 20. அதுகூட நான் மேல சொன்ன மோசமாக்கற விஷயமும் சேர்ந்துச்சுன்னா பிரிவு 6, கொறஞ்சது 20 வருஷம், மேல போனா ஆயுள், அந்த ஆயுளுக்கு அர்த்தம் சாகுற வரைக்கும்னு பிரிவுக்குள்ளயே எழுதிருக்கு, அதுக்கும் மேல தூக்கு.

பாத்தீங்களா, உங்க பாப்பா வயசுக்கு 7க்கும் 20க்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. ஜட்ஜ் எவ்வளவு இரக்கப்பட்டாலும் பிரிவு 6 நிரூபணம் ஆயிட்டா விசாரணை கோர்ட்ல 20க்கு கீழ ஒரு நாள் கூட கொறைக்க முடியாது. அதே மாதிரி எவ்வளவு கோவப்பட்டாலும் பிரிவு 10 மட்டும்தான் நிரூபணம்னா அந்த பிரிவுல 7க்கு மேல ஒரு நாள் போட முடியாது. உங்க பக்கத்து ஊர் கேஸ்ல 5 வருஷம்னு சொல்றீங்களே, அது பெரும்பாலும் பிரிவு 8லயோ 10லயோ முடிஞ்சிருக்கும், ஜட்ஜ் எளகுன மனசுன்னு நெனைக்காதீங்க.

அந்த 10 வருஷ கேஸ் எப்ப நடந்த சம்பவம்னு விசாரிச்சீங்களா? ஏன்னா இந்த 20 வருஷம்ங்கறது 2019 ஆகஸ்ட் 16லேருந்துதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பிரிவு 6க்கு கொறஞ்சபட்சம் 10தான், தூக்கும் கெடையாது. சம்பவம் நடந்த அன்னிக்கு என்ன தண்டனை சட்டத்துல இருந்துச்சோ அதுக்கு மேல குடுக்கக்கூடாதுன்னு அரசியல் சாசனத்துல 20வது பிரிவு சொல்லுது. இது பேருக்கு இருக்கற விதி இல்ல. 2019 மே மாசம் நடந்த சம்பவம் ஒண்ணு, சத்தீஸ்கர்ல, அதுக்கு கீழ் கோர்ட் புது சட்டப்படி சாகுற வரைக்கும் ஜெயில்னு போட்டுருச்சு, 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் குற்றம் உறுதின்னு வச்சுகிட்டு தண்டனைய மட்டும் சாதாரண ஆயுளா, அதாவது நடுவுல விடுதலைய பத்தி யோசிக்க வழி இருக்கற ஆயுளா மாத்துச்சு, மூணு மாசம் முன்னாடி நடந்ததுங்கற ஒரே காரணத்துக்கு. உங்க சம்பவம் 2023, அதுனால உங்களுக்கு புது தண்டனைதான், அதுல சந்தேகமே வேணாம்.

ஒரே கேஸ்லயே ஆளுக்கு ஆள் மாறும் தம்பி. சென்னை அயனாவரம் அபார்ட்மெண்ட் கேஸ் ஞாபகம் இருக்கும், 2018ல வெளிய வந்தது, காது கேக்காத சின்ன பிள்ளை. 17 பேரு மேல கேஸ், ஒருத்தன் நடுவுலயே செத்துட்டான், ஒருத்தன் விடுதலை, மிச்சம் 15 பேருக்கும் 2020 பிப்ரவரில தண்டனை வந்துச்சு. அஞ்சு பேருக்கு ஆயுள், அதுல நாலு பேருக்கு சாகுற வரைக்கும், ஒருத்தனுக்கு 7 வருஷம், ஒம்போது பேருக்கு 5 வருஷம். ஒரே பிள்ளை, ஒரே கட்டடம், ஒரே ஜட்ஜ். ஒவ்வொருத்தன் மேலயும் தனித்தனியா எது நிரூபணம் ஆச்சுங்கறதுதான் இவ்ளோ வித்தியாசத்துக்கும் காரணம்.

வயசு விஷயத்துல கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா இதுலதான் நம்ம பக்கம் நெறைய பேரு கோட்ட விடுறாங்க. எனக்கு வக்கீல் தொழில் பத்தொம்பது வருஷம் ஆச்சு, இன்னும் மனசுல அறுக்கற ஒரு கேஸ் இருக்கு. பிள்ளைக்கு பதினோரு வயசுன்னு ஊருக்கே தெரியும், அம்மா சொன்னாங்க, ஆயா சொன்னாங்க, ஸ்கூல் டிசி ஜெராக்ஸ் ஒண்ண ஃபைல் பண்ணாங்க, அவ்ளோதான். ஹெட்மாஸ்டர சாட்சியா கூப்புடல, அட்மிஷன் ரிஜிஸ்டர் வரல. பிறப்பு சர்டிஃபிகேட் வீட்டு ட்ரங்க் பொட்டிக்குள்ள பட்டாவோட பட்டாவா கெடந்துச்சு, யாருமே கேக்கல, அவங்களுக்கும் குடுக்கணும்னு தெரியல. 12 வயசுக்கு கீழன்னு நிரூபிக்கலன்னு கோர்ட் எழுதிருச்சு, தண்டனை அடுத்த கீழ் படிக்கு எறங்கிருச்சு. அப்பீல் போய்த்தான் அந்த சர்டிஃபிகேட்ட உள்ள கொண்டு வர பாத்தோம், அதுக்குள்ள எத்தன வருஷம் போச்சு. நம்ம தமிழ்நாட்டு கேஸ் ஒண்ணுலயே டிசி மட்டும் வச்சு வயச நிரூபிக்க முடியாதுன்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லி விடுதலையே பண்ணிருக்கு. அதுனால இன்னிக்கே பிபிய, அதாவது உங்க கேஸ நடத்தற அரசு வக்கீல பாத்து ஒரே கேள்வி கேளுங்க: பாப்பா பிறப்பு சர்டிஃபிகேட் கோர்ட்ல குறியீடு ஆயிருக்கா, அதாவது ஆதாரமா பதிவாயிருக்கா, எக்ஸிபிட் நம்பர் என்ன? இல்லன்னு சொன்னா தீர்ப்புக்கு முன்னாடி திரும்ப சாட்சிய கூப்புட மனு போட வழி இருக்கு, ஆனா நாள் ரொம்ப கம்மி, அலட்சியமா இருக்காதீங்க.

தீர்ப்பு அன்னிக்கு என்ன நடக்கும்னு சொல்றேன். ஜட்ஜ் மொதல்ல குற்றவாளியா இல்லையான்னு மட்டும் சொல்லுவாங்க. குற்றவாளின்னா ஒடனே தண்டனைய படிக்க மாட்டாங்க, அவன கூப்புட்டு தண்டனை பத்தி என்ன சொல்றன்னு கேக்கணும், இது சட்டம், பழைய குற்ற நடைமுறை சட்டத்துல 235ல இருந்துச்சு, புது சட்டத்துல 258. கேக்காம தண்டனை குடுத்தா மேல் கோர்ட்ல அதுவே ஓட்டையாயிடும். அப்ப அவன் சொல்லுவான், நான் தப்பே பண்ணல, ரெண்டு பொண்ணுங்க இருக்கு, அம்மா படுக்கையில, என்ன விட்டா யாரும் இல்ல, கொறஞ்ச தண்டனை குடுங்கன்னு. நூத்துக்கு தொண்ணூறு பேரு இதேதான் சொல்லுவாங்க. ஜட்ஜ் அத தீர்ப்புல எழுதிக்குவாங்க, எழுதறத பாத்து நீங்க பதறாதீங்க.

அதுக்கு எடை உண்டான்னு கேட்டீங்க. உண்டு, ஆனா நான் சொன்ன அந்த கொஞ்ச இடத்துக்குள்ள மட்டும். பிரிவு 6ன்னா 20 வருஷமா சாகுற வரைக்குமான்னு பாக்குறப்ப அவன் வயசு, ஒடம்பு நெலம, இதுக்கு முன்னாடி கேஸ் இருக்கா, திருந்த வாய்ப்பு இருக்கா, ஜெயில்ல எப்படி இருந்தான், இதெல்லாம் ஒரு தட்டுல வைப்பாங்க. 2022ல உத்தராகண்ட் கேஸ் ஒண்ணுல சுப்ரீம் கோர்ட், போக்சோல இரக்கமே காட்டக்கூடாதுன்னு கடுமையா எழுதிட்டு, கடைசியில ஆள் 70 வயச தாண்டினவரு, டிபி இருக்குன்னு ஆயுள 15 வருஷமா கொறைச்சது, அது பழைய சட்டத்து கேஸ், கொறஞ்சபட்சம் 10 இருந்த காலம். இன்னொரு தட்டுல பிள்ளை எவ்ளோ சின்னது, நம்பிக்கைய எப்படி ஏமாத்துனான், எத்தன தடவ, மெரட்டுனானா, பிள்ளைக்கு ஒடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆச்சு. படிப்பு சொல்லித்தர்றேன்னு ஒரு அம்மா நம்பி அனுப்பின எடத்துல பல தடவ நடந்திருக்குன்னா அந்த தட்டு கனமாத்தான் இருக்கும். அவனுக்கு ரெண்டு பொண்ணு இருக்குங்கறத கொறைக்கறதுக்கு காரணமா என்னால ஏத்துக்க முடியல தம்பி, வீட்டுல அதே வயசுல பிள்ளைங்கள வச்சுகிட்டு பண்ணவன் அவன். ஆனா அந்த பொண்ணுங்க மேல உங்க கோவத்த காட்டாதீங்க, கோர்ட் வராண்டால அவங்கள பாத்து யாரும் ஒரு வார்த்தை பேச வேணாம், அதுங்க என்ன பண்ணும்.

பேப்பர்ல "மூணு ஆயுள்", "20 வருஷம் பிளஸ் 5 வருஷம் பிளஸ் 2 வருஷம்"னு போடுவான், ஜனங்க கூட்டிப் பாத்துட்டு 27ன்னு சொல்லும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி தண்டனை எழுதுறதுதான் அது, கடைசியில "ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்"னு ஒரு வரி இருந்தா எல்லாம் ஒண்ணா ஓடும், பெருசு எதுவோ அதுதான் உண்மையான கணக்கு. அந்த வரிய தேடிப் படிங்க. விசாரணை நேரத்துல உள்ள இருந்த நாள கழிச்சுக்குவாங்க, பெயில்ல வெளிய இருந்த நாள கழிக்க மாட்டாங்க. ஆயுள்னா 14 வருஷம்ங்கறது தப்பான பேச்சு, 14ங்கறது சில குற்றங்கள்ல அதுக்கு முன்னாடி விடுதலைய பத்தி யோசிக்கவே கூடாதுங்கற கீழ் எல்லை, 14 ஆன ஒடனே கதவு தொறக்கும்னு இல்ல.

தூக்கு. நீங்க தாய்மாமன், அந்த பிள்ளைய தோள்ல தூக்கி வளத்தவரு, உங்களுக்கு அப்படித்தான் தோணும், அதுக்காக உங்கள நான் கொற சொல்ல மாட்டேன். சட்டப்படி பிரிவு 6ல தூக்கு இருக்கு. ஆனா 1980ல பச்சன் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது இன்னிக்கும் நிக்குது, அரிதிலும் அரிதான வழக்குல மட்டும்தான், ஆயுள் போதவே போதாதுன்னு ஆன பிறகுதான். கீழ் கோர்ட் குடுத்தாலும் ஹைகோர்ட் உறுதி பண்ணாம நிறைவேத்த முடியாது. 2022லேருந்து தூக்கு கேக்குற கேஸ்ல அவனோட மனநிலை, குடும்ப பின்னணி, ஜெயில் நடத்தை பத்தி ரிப்போர்ட் எல்லாம் வாங்கிப் பாக்கணும்னு வேற சொல்லிருக்காங்க. உங்க கேஸ்ல அத கேக்க வேணாம்னு நான் சொல்றேன், ரெண்டு காரணம். ஒண்ணு, அது கெடைக்காது, கேட்டா கவனம் எல்லாம் அதுக்கு போய் நமக்கு உண்மையில வேண்டியது, அதாவது பிரிவு 6 நிக்கணும்ங்கறது, பின்னாடி போயிடும். ரெண்டாவது, இது என் சொந்த எண்ணம், கொன்னாலும் கொல்லாட்டியும் ஒரே தண்டனைன்னு ஒருத்தனுக்கு தெரிஞ்சா சாட்சியா இருக்கற பிள்ளைய அவன் உயிரோட விடுவானான்னு பயமா இருக்கு. அப்புறம் பண்ணவன் சித்தப்பனோ பெரியப்பனோ ஆனா, தூக்குன்னு தெரிஞ்சா வீட்டுல எத்தன பேரு கம்ப்ளைண்ட் குடுக்க விடுவாங்க?

அந்த அஞ்சு லட்சம். பெரிய ஆளுங்கன்னு எழுதிருக்கீங்க, அவங்கள மறுபடி வீட்டுக்குள்ள விடாதீங்க. இது ராஜியாகற கேஸே இல்ல. ராஜஸ்தான்ல ஒரு ஸ்கூல் வாத்தியார் மேல கேஸ், குடும்பத்தோட சமாதானம் ஆயிட்டோம்னு எழுதிக்குடுத்தாங்க, ஹைகோர்ட்டும் கேஸ ரத்து பண்ணிருச்சு, 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அந்த ரத்த தூக்கிப்போட்டு கேஸ நடத்துன்னு சொல்லிருச்சு. காசு வாங்குனா கேஸும் போகாது, நாளைக்கு அப்பீல்ல காசுக்காக போட்ட கேஸுன்னு உங்கள பாத்துதான் விரல் நீட்டுவாங்க. வந்து பேசுனது யாரு, என்னிக்கு, என்ன சொன்னாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி பிபிகிட்டயும் ஸ்டேஷன்லயும் குடுத்து வைங்க.

பணம் வேணும்தான், அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. அக்கா நடவு வேலைய விட்டுட்டு எத்தன நாள் கோர்ட்ல ஒக்காந்துருப்பாங்க, ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ ஆச்சு, பாப்பாவ ஸ்கூல் மாத்துனீங்களா. அதுக்கு கோர்ட் மூலமா நிவாரணம் இருக்கு, அது அரசாங்க நிதியிலேருந்து வர்றது, அவன் குடுக்கறது இல்ல. தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே இடைக்கால நிவாரணம் கேட்டுருக்கலாம், கேக்கலன்னா இப்ப கேளுங்க, விடுதலையே ஆனாலும் குடுக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. இத வாங்குனா தண்டனை கொறையும்னு யாராவது சொன்னா பொய். பிரிவு 6ல தண்டனை வந்தா அபராதமும் பாப்பாவுக்குத்தான் சேரணும். மனு எழுத ஆள் இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, கோர்ட் வளாகத்துலயே இருக்கும், காசு கெடையாது, 15100க்கு ஃபோன் போட்டாலும் வழி சொல்லுவாங்க.

இன்னொரு விஷயம், நானே கண்ணால பாத்தது. ஒரு குடும்பம், காலையில ஜட்ஜ் குற்றவாளின்னு சொன்ன ஒடனே எல்லாரும் கும்புட்டுட்டு, அறுப்பு சீசன் வேற, பன்னெண்டு மணி பஸ்ஸ புடிச்சு ஊருக்கு போயிட்டாங்க. தண்டனை பத்தின பேச்சு சாயந்தரம் நடந்துச்சு. அவன் பக்கம் வக்கீல் அரமணி நேரம் பேசுனாரு, பிள்ளை பக்கம் பேசறதுக்கு கையில ஒரு துண்டு பேப்பர் கூட இல்ல, பிபி "அதிகபட்ச தண்டனை வழங்கணும்"னு ஒரு வரி சொல்லி ஒக்காந்துட்டாரு. கொறஞ்சபட்சம் எதுவோ அதுதான் வந்துச்சு. அதுனால நீங்க சாயந்தரம் வரைக்கும் இருங்க. உங்க பக்கத்துக்கு வக்கீல் வச்சுக்க போக்சோ சட்டத்துல 40வது பிரிவு உரிமை குடுக்குது, வக்கீல் பிபிக்கு உதவியா எழுத்துல ஒரு மெமோ குடுக்கலாம். அதுல பெரிய பெரிய வார்த்தை வேணாம். பாப்பா எத்தன நாள் ஸ்கூல் போகல, ராத்திரி தூக்கம் வராம ஆஸ்பத்திரி போனது, கவுன்சலிங் ஓபி சீட்டு, ஸ்கூல் மாத்துன டிசி, பல தடவ நடந்துச்சுன்னு சாட்சியத்துல எந்த பக்கத்துல வந்துருக்கு, எல்லாம் தேதியோட. ஜட்ஜ் கொறஞ்சபட்சத்துக்கு மேல போகணும்னா காரணம் எழுதணும், எழுதுன காரணம் ஹைகோர்ட்ல நிக்கணும், அந்த காரணத்த பேப்பரா அவங்க கையில குடுக்கறது உங்க வேல.

அப்பீல் பத்தி இப்பவே ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கங்க, ரொம்ப பேருக்கு தெரியாது. கோர்ட் பிரிவு 6ல நிரூபணம் ஆகலன்னு சொல்லி 10ல மட்டும் தண்டனை குடுத்தா, அது சின்ன குற்றத்துல தண்டிச்சது, அதுக்கு எதிரா நீங்களே நேரா அப்பீல் போகலாம், விடுதலை ஆனாலும் போகலாம், நிவாரணம் கம்மின்னாலும் போகலாம். ஆனா பிரிவெல்லாம் சரியா இருந்து, வருஷம் மட்டும் போதலன்னா அதுக்கு நீங்க நேரா போக முடியாது, அரசாங்கம்தான் போகணும், அப்ப பிபிகிட்டயும் கலெக்டர்கிட்டயும் எழுத்துல மனு குடுத்து வெரட்டணும். உங்க திருவாரூருக்கு சென்னை ஹைகோர்ட், இதே கேஸ் தஞ்சாவூர்ல நடந்துருந்தா மதுரைக் கிளை. அவனும் அப்பீல் போவான், தண்டனைய நிறுத்தி வைக்க சொல்லி பெயில் கேப்பான், அந்த மனு வர்றப்ப உங்களுக்கு தகவல் வரணும், அதுக்கு உங்க ஃபோன் நம்பர் ஸ்டேஷன்ல சரியா இருக்கான்னு பாருங்க, ரெண்டு வருஷத்துல சிம் மாத்திருப்பீங்க.

தீர்ப்பு அன்னிக்கு பாப்பா கோர்ட்டுக்கு வர வேண்டிய அவசியமே இல்ல, அவ சாட்சி சொல்லி முடிச்சாச்சு. எப்பவும் போல ஸ்கூலுக்கு அனுப்புங்க, டிஃபன் பாக்ஸ்ல அவளுக்கு புடிச்சத அக்காவ கட்டிக்குடுக்க சொல்லுங்க. நீங்க மட்டும் காலையில போங்க, போனதும் தீர்ப்பு நகல் கேட்டு காப்பி அப்ளிகேஷன் ஒண்ணு எழுதி கையில வச்சுக்கங்க, தீர்ப்பு முழுசா வந்ததும் எனக்கு அனுப்புங்க, எந்த பிரிவுல நின்னுருக்குன்னு ஒக்காந்து பாத்து சொல்றேன்.